பூட்டி வைத்த வீட்டுப் பட்டியல்

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவே, பிரதான வீதியிலிருந்து இரண்டு மைல் மேலே ஏறினால் வருவது எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்று சொல்வதெல்லாம் பழக்கத்தில்தான். பூச்சட்டி வைக்கிற அளவுக்குக்கூட அங்கே எங்கள் பெயரில் மண் கிடையாது. அந்தத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம்தான் நானும் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஹட்டன் டவுனில் ஒரு மாடி அறையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்த எனக்கு, உலகத்தில் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு. நினைப்போடு வாயும் கொஞ்சம் நீளம். இரண்டுக்கும் சேர்த்து அந்த வருஷமே வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆபீசில் எனக்கு மேலே பெரிய கிளாக்கர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷமாக அதே மேசை, அதே நாற்காலி. பேரேட்டில் அவர் எழுதிய ஒரு வரியை யாரும் அடித்துத் திருத்திப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரைக் கண்டதும் முதல் வாரம் ஒதுங்கியே இருந்தார். இரண்டாவது வாரம் ஒரு சின்னக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எப்படித் திறப்பது, எப்படிக் கொப்பி பண்ணுவது, எப்படி வரிசைப்படுத்துவது, எப்படி அச்செடுப்பது என்று நான்கே நான்கு விஷயம் கேட்டு, அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார். காலையில் நான் வருமுன்பே வந்து அதைப் பழகிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்குள் சிரிப்பாக இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன், அந்த மட்டும் நல்ல பிள்ளை.

அப்போதுதான் வீட்டுத் திட்டம் வந்தது. கீழ்ப் பிரிவில் நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் லயங்கள் என்கிற வரிசை வீடுகளில் இருந்தோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணை, தலைக்கு மேலே வெள்ளைக்காரன் காலத்துத் தகரம். இருபத்துநான்கு தனி வீடுகள் கட்டித் தருவதாகக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதை அடிதடி இல்லாமல் முடிவு செய்ய, தோட்டத்தை நிர்வகிக்கிற துரை ஒரு வழி சொன்னார். துரை சிங்களவர், தோட்டத் தமிழை எங்களைப் போலவே பேசுவார். ஒவ்வொரு காம்பராவையும் ஒரு குழு நேரில் போய்ப் பார்க்கும். கூரை எவ்வளவு ஒழுகுகிறது, சுவர் எப்படி இருக்கிறது, எத்தனை பேர் படுக்கிறார்கள், பின்னால் மண்மேடு சரிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடும். அதிகப் புள்ளி எடுத்த இருபத்துநான்கு குடும்பங்களுக்கு வீடு. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

குழு வந்தது, பார்த்தது, பென்சிலால் படிவங்களில் எழுதியது. படிவங்கள் என் மேசைக்கு வந்தன. மூன்று நாள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் அட்டவணையில் அடித்தேன். நம்பர், பேர், கூரை, சுவர், ஆள், மேடு, மொத்தம். மொத்தத்தைக் கூடியதிலிருந்து குறைந்ததுக்கு அடுக்கினேன். முதல் இருபத்துநான்கு வரிக்கு நேரே கடைசிக் கட்டத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

உச்சியில் வந்தது பத்தாம் லயத்துக் கடைசிக் காம்பரா அக்கா. பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்தவர். புருஷன் போய் நான்கு வருஷம். இரண்டு பெண் பிள்ளைகள். அவருடைய காம்பராவின் பின்சுவரை ஒட்டி மேடு. மழை பிடித்தால் சுவருக்குள்ளாலேயே சிவப்புத் தண்ணீர் வரும். மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகளை இஸ்தோப்பில்தான் படுக்க வைப்பார். எந்த நேரம் சுவர் உள்ளே விழும் என்று யாருக்கும் தெரியாது. குழுவில் போனவர்கள் அந்தக் காம்பராவுக்குள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை என்று கேள்வி.

எல்லாம் அடித்து முடித்ததும் பட்டியலைப் பூட்டினேன். அட்டவணைக்குப் பாதுகாப்பு என்று ஒரு வசதி இருந்தது. பாஸ்வேர்ட் கொடுத்துப் பூட்டிவிட்டால், எந்தக் கட்டத்தில் என்ன தட்டினாலும் மணியடித்து, முடியாது என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அந்தப் பாஸ்வேர்ட் என்னவென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வயதுப் பெண் வைக்கிற வெட்கம் கெட்ட சொல்தான், விடுங்கள். துரையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு கட்டத்தில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். மணி அடித்தது. “வெரி குட்” என்றார். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். “என்னைத் தவிர யாராலயும் ஒரு இலக்கத்தக்கூட மாத்த முடியாது சேர்” என்று நீட்டி முழக்கினேன்.

அன்று பின்னேரம் பெரிய கிளாக்கர் ஐயா படிவக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, இதுகளை ஃபைலிலை போடட்டே? அலுமாரியிலை இடமில்லை, வேறை பெட்டி பாக்க வேணும்.”

“எதுக்குங்க ஐயா? எல்லாம் கம்ப்யூட்டர்ல பூட்டி வச்சாச்சு. பேப்பர் காலம் போயிருச்சு” என்றேன்.

அவருக்கு மனசில்லை. ஆனாலும் சின்னப் பிள்ளையோடு என்ன வாதம் என்று விட்டுவிட்டார். அந்த வாரம் ஆபீசில் கழித்த பழைய காகிதத்தோடு படிவங்களும் சந்திக் கடைக்குப் போயின. கடைக்காரர் எங்கள் தோட்டத்துக் கூரைகளின் ஒழுக்கையும் சுவர்களின் வெடிப்பையும் கிழித்துக் கிழித்து வடை சுற்றிக் கொடுத்தார். அதில் ஒரு வடையை நானும் தின்றிருக்கிறேன்.

இனி நடந்தது புரிய, எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஆளுக்குப் பெயர் இரண்டாவது, செக்ரோல் என்கிற ஆள்பதிவேட்டு நம்பர்தான் முதலாவது. காலையில் பெரட்டில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும்போது கூப்பிடுவது நம்பரை. கொழுந்து நிறுக்கும்போது கத்துவது நம்பரை. ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருந்த இடத்தில் வேறு வழியும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடத் தங்கள் நம்பரை மட்டும் எங்கே கண்டாலும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதனால் நோட்டீஸ் போர்டில் எதை ஒட்டினாலும் நம்பர் வரிசையில்தான் ஒட்டுவார்கள். அப்பா ஓய்வெடுத்தால் அவர் நம்பர் மகனுக்கு வரும். என் அப்பாவின் நம்பர் பதினேழு. அது தாத்தாவிடமிருந்து வந்தது. பழைய குடும்பங்களுக்கு இரண்டு இலக்கம், வந்து சேர்ந்தவர்களுக்கு மூன்று இலக்கம். பத்தாம் லயத்து அக்காவின் நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு.

பட்டியல் போர்டில் ஏறிய அன்று நான் ஊரில் இல்லை. பூண்டுலோயாவில் ஒரு கல்யாணம், இரண்டு நாள் லீவு. திரும்பி வரும்போது கொட்டகலையில் பஸ்சுக்கு நின்ற எங்கள் தோட்டத்துப் பெண் ஒருவர் என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“என்ன புள்ள, ஒங்களுக்கு வீடு கெடச்சிருச்சாமே! அஞ்சாவது எடமாமே!”

எனக்கு விளங்கவில்லை. எங்கள் காம்பராவுக்கு வீடு கிடைக்க வழியே இல்லை. முந்தின வருஷம்தான் அப்பா தன் கைக்காசைப் போட்டுக் கூரைத் தகரத்தை மாற்றியிருந்தார். கூரைக்கு எங்களுக்கு விழுந்தது முட்டை. எங்கள் பெயர் பட்டியலின் அடிவாரத்தில் கிடந்ததை அடித்தவளே நான்தான்.

வீட்டுக்குப் போனேன். அம்மா தேத்தண்ணீர் வைத்தார். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற அந்தக் கத்தியை அவர் தீட்டும்போது பேச்சே இருக்காது. அன்றைக்கு என்னைக் கண்டதும் நிறுத்தினார். “ஒம் படிப்பு வீணாப் போகல பாப்பா” என்றார். மெதுவாகத்தான் சொன்னார், யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பது போல.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. “நான் எதையும் மாத்தலப்பா!” என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. நான் தேத்தண்ணீரைக் குடிக்காமலே ஆபீசுக்கு ஓடினேன்.

ஆபீஸ் வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர் நின்றார். பத்தாம் லயத்து அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போக வழி விட்டார்கள், ஆனால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. “பூட்டு மக கையில, வீடு அப்பன் கையில” என்று ஒரு குரல் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

துரை போர்டில் ஒட்டிய பட்டியலை மேசையில் வைத்தார். “பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?”

“எனக்கு மட்டுந்தான் சேர்.”

“வேற யாராவது மாத்த முடியுமா?”

 இதே ஆபீசில், இதே ஆளிடம், முடியவே முடியாது என்று நான் அடித்துச் சொல்லி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டு என் பட்டியலைத் திறந்தேன். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. உச்சியில் நானூற்றுப் பன்னிரண்டு, அடியில் பதினேழு. “பாருங்க சேர், இதுதான் உண்மையான பட்டியல்” என்றேன், பின்னால் வந்த துரையிடம்.  சாவி உன் கையில் இருக்கும்போது இப்போது திறந்து திருத்திவைத்தாய் என்று ஜனங்கள் சொன்னால் நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை பட்டியல் கொழும்புக்குப் போக வேண்டும். வியாழன் காலைக்குள் எது சரி என்று காட்ட முடியாவிட்டால் என்னை வேலையை விட்டு நிறுத்த வேண்டி வரும் என்றும், வீடுகளும் இந்த வருஷம் கை நழுவிப் போகும் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

துரையின் மேசையிலிருந்த அந்தப் பட்டியலை எடுத்து வந்து என் மேசையில் விரித்தேன். கண்ணீர் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். எந்தப் பாவி செய்தான் என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே போனேன். பத்து வரி தாண்டியதும் என்னமோ உறுத்தியது. இடது பக்கத்தில் நம்பர்கள் மூன்று, எட்டு, ஒன்பது, பதினான்கு, பதினேழு என்று ஏறிக்கொண்டே போயின. வலது பக்கத்தில் புள்ளிகள் இறங்கிக்கொண்டே வந்தன. இரண்டிலும் ஒரு பிசகு இல்லை. பழைய நம்பருக்கெல்லாம் ஓட்டைக் கூரை, புதிய நம்பருக்கெல்லாம் நல்ல கூரை என்று எந்த ஊரிலாவது மழை பெய்யுமா? நம்பரும் பேரும் மட்டும் இடம் மாறியிருந்தன. புள்ளிகளும் நட்சத்திரங்களும் போட்ட இடத்திலேயே நின்றன.

பெரிய கிளாக்கர் ஐயா அடுத்த மேசையில் பேரேட்டுக்கு மேல் குனிந்திருந்தார்.

“ஐயா, போர்டுல ஒட்டுனது யாருங்க?”

“நான்தான். நீர் லீவு. துரை அவசரப்பட்டவர்.”

“இதுல என்னமோ மாத்தியிருக்கீங்க.”

“ஐயோ, நான் ஒண்டும் மாத்தேல்லைப் பிள்ளை. நம்பர் ஒழுங்கிலை அடுக்கினனான், அவ்வளவுதான். அப்பதானே சனத்துக்கு விளங்கும்.”

“பூட்டியிருந்துச்சேங்க ஐயா?”

“பூட்டிக் கிடந்தது உண்மைதான். அடுக்க விடேல்லை. அதுக்கென்ன, முழுக்கப் பிடிச்சுக் கொப்பி பண்ணிப் புதுத் தாளிலை ஒட்டினன். அங்கை அது ஒண்டும் கேக்கேல்லை.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் பூட்டு, மணியடிக்கிற பூட்டு, துரையிடம் தம்பட்டம் அடித்த பூட்டு. முப்பது வருஷம் மைப் பேனாவோடு இருந்த மனுஷர், நான் சொல்லிக் கொடுத்த நான்கு பாடத்தில் இரண்டை வைத்துக்கொண்டு, அதை ஒரு தடையாகவே நினைக்காமல் தாண்டிப் போயிருக்கிறார். அவர் திருடவும் இல்லை, உடைக்கவும் இல்லை. போர்டுக்கு வழக்கமான ஒழுங்கில் ஒரு தாள் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

“அடுக்குறப்ப ஏதாவது கேள்வி வந்துச்சுங்களா?”

“வந்தது. பக்கத்திலை கிடக்கிறதுகளையும் சேர்க்கட்டோ எண்டு. எனக்கு நம்பரும் பேரும்தானே ஒழுங்காக வேணும்? வேண்டாம் எண்டு குடுத்தன்.”

பேரேட்டில் ஒரு வரி என்றால் அது ஒரு வரிதான். நம்பரை எங்கே எழுதினாலும் அந்த வரியில் உள்ளதெல்லாம் அதோடு கூடவே வரும். கம்ப்யூட்டரில் ஒரு வரியின் தலையை மட்டும் வெட்டி இன்னொரு உடம்பில் வைக்கலாம் என்று அந்த மனுஷர் எங்கே கண்டார்? இதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது நிதானம் இல்லை. “முப்பது வருஷம் கணக்கெழுதி என்னத்தக் கண்டீங்க? எங்கப்பா தலையில இடிய எறக்கிட்டீங்களே!” என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்ன நடந்திருக்கிறது என்று நான் விரலை வைத்துக் காட்டக் காட்ட, அவர் முகம் சிறுத்துப் போனது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. அவர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு நேரே துரையின் அறைக்குப் போனார்.

ஹட்டன் வகுப்பில் இதைச் சொல்லித்தான் இருந்தார்கள். தாளுக்குப் போடுகிற அந்தப் பூட்டு, கை தவறி எதையாவது அழித்துவிடாமல் இருக்கத்தான். பார்க்க முடிந்ததைக் கொப்பி பண்ணவும் முடியும், கொப்பி பண்ணியதில் பூட்டு வராது. கோப்பையே திறக்க முடியாதபடி போடுகிற பூட்டு வேறு. அதையும் போட்டிருக்கலாம், ஆனால் பெரிய கிளாக்கர் ஐயாவும் திறந்து பார்க்க வேண்டுமே. அந்த வகுப்பு நடந்தபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

துரை எங்கள் இரண்டு பேரையும் கம்ப்யூட்டருக்கு முன்னால் நிறுத்தினார். சங்கத் தலைவரையும் கூப்பிட்டார். பத்தாம் லயத்து அக்காவும் கேட்காமலே உள்ளே வந்து சுவரோரம் நின்றார். ஐயா தான் செய்ததை அப்படியே செய்து காட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பூட்டு இருந்த தாள் பூட்டோடு அங்கேயே நின்றது, பக்கத்தில் அதே பட்டியல் பூட்டில்லாமல் கிடந்தது.

எனக்கு மூச்சு வந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். அது அரை நிமிஷம்தான்.

“அப்ப யார் வேணும்னாலும் மாத்தலாம்” என்றார் துரை. “இவரும் மாத்தலாம், நீயும் மாத்தலாம், டீ கொண்டுவாற ஆளும் மாத்தலாம். அப்ப ஒன் பட்டியல் சரின்னு மட்டும் எப்படிச் சொல்றது? எழுதின ஃபாரம் எங்க?”

 ஐயாவுக்கு நான் சொன்னது ஞாபகம் இருந்திருக்கும். படிவத்தை வேண்டாம் என்று சொன்னவள் இவள்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நானே சொன்னேன். “நான்தான் சேர் வேண்டாம்னு சொன்னேன். கடைக்குப் போயிருச்சு.” சொல்லி முடித்தபோது என் மானம் முழுக்கப் போய்விட்டது போலவும், அதே நேரம் உடம்பு லேசாகிவிட்டது போலவும் இருந்தது.

அப்போது சுவரோரம் நின்ற அக்கா வாய் திறந்தார். எங்கள் எல்லோரையும்விட அதிகம் இழக்க இருந்தவர் அவர்தான். குரலில் ஒரு பதற்றம் இல்லை.

“பேப்பரு போனா என்னாங்க தொர? செவுரு அங்கனயேதான நிக்கிது? எங்கூட்டுச் செவுரு எப்புடின்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும். அவங்க கூரையும் எங்களுக்குத் தெரியும். பெரட்டுல வச்சு வாசிங்க. பொய்யி இருந்தா சனம் சொல்லும்.”

சங்கத் தலைவர் துரையைப் பார்த்தார். துரை சரி என்றார். வாசிக்க வேண்டியவள் நான்தான் என்றும் சொன்னார்.

வியாழன் காலை பெரட்டுக் களத்தில் பனி விலகவில்லை. படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கூடையைக் காலடியில் வைத்துப் பெண்கள் ஒரு பக்கம், கத்தியும் மண் கிளறுகிற முள்ளுமாக ஆண்கள் ஒரு பக்கம். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டபடி அம்மா பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றார். அப்பாவைத் தேட எனக்குத் துணிவு இல்லை. என் பட்டியலின் அச்சுத்தாள் கையில். கூரை, சுவர், ஆள், மேடு, எல்லாம் தனித்தனியாக. பெரிய கிளாக்கர் ஐயா என் பக்கத்தில் மைப் பேனாவோடும் ஒரு புதுப் பேரேட்டோடும் நின்றார். நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க முந்தின நாளே போனேன். “அதை விடும் பிள்ளை, நாளைக்குக் குரலை உயர்த்தி வாசியும்” என்று மட்டும் சொன்னார்.

நானூற்றுப் பன்னிரண்டை வாசித்தேன். கூரை, சுவர், ஆள், மேடு. “சரி! சரி!” என்று பத்தாம் லயமே ஒரே குரலில் கத்தியது. அடுத்தது, அடுத்தது என்று போனேன். ஒரு காம்பராவில் ஆளை ஒன்று குறைத்துப் போட்டிருந்தது, இடையில் பிள்ளை பிறந்திருந்தது. கூட்டம் சிரித்தது, ஐயா திருத்திக்கொண்டார். இன்னொருவர் தன் கூரைக்கு ஒரு புள்ளி கூட்டச் சொன்னார். அவருடைய பக்கத்துக் காம்பராக்காரரே, “ஏய், போன மாசந்தான ஓட்டைய அடச்ச? சும்மா இரு” என்று அடக்கினார்.  என் அட்டவணையை எந்தப் பூட்டும் காக்கவில்லை, இந்தச் சனம் ஒவ்வொரு வரியாகக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. எனக்கு அவர்கள்மேல் அப்படி ஒரு அன்பு வந்தது.

பட்டியலின் அடிவாரத்துக்கு வந்தேன். “பதினேழு” என்றேன்.  “கூரை, ஒன்னும் இல்ல. செவுரு, ரெண்டு. ஆளு, மூனு. மேடு, ஒன்னும் இல்ல. மொத்தம் அஞ்சு.” தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், வழக்கமான கேள்வியைக் கேட்டேன். “இதுல ஏதாவது பெசகு இருக்குங்களா?”

“இருக்கு.”

அப்பாவின் குரல். நான் நிமிர்ந்தேன். அவர் கத்தியைத் தோளில் வைத்தபடி ஆண்கள் வரிசையில் இரண்டடி முன்னால் வந்து நின்றார்.

“செவுத்துக்கு ரெண்டு போட்டிருக்கு. அது அவங்க வந்து பாத்தப்ப. அதுக்கப்பறம் நான் பூசிட்டேன். இப்ப வெடிப்பு இல்ல. அந்த ரெண்ட எடுத்துருங்க.”

அந்த இரண்டு புள்ளி இருந்தாலும் எங்களுக்கு வீடு இல்லை, போனாலும் இல்லை. களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். ஐயா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் சுவரின் இரண்டை அடித்து, மொத்தம் மூன்று என்று எழுதினார். முப்பது வருஷத்தில் அவர் அடித்து எழுதியதை ஊர் பார்த்தது அன்றுதான். பின்னால் யாரோ ஒரு பெண், “சரியாப் போச்சு, அடுத்தத வாசி புள்ள” என்றார். என்னைப் புள்ள என்று கூப்பிட்டார்கள். நான் அடுத்ததை வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டியல் கொழும்புக்குப் போனது. பேரேட்டின் பக்கங்களில் களத்தில் நின்றவர்களின் கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் இருந்தன. பத்தாம் லயத்து அக்காவுக்கு அடுத்த வருஷ மழைக்கு முன்னால் வீடு கிடைத்தது. பிள்ளைகள் இரண்டும் உள் அறையில் படுத்துத் தூங்கியதை நான் போய்ப் பார்த்தேன். எங்களுக்குக் கிடைக்க இன்னும் ஆறு வருஷம் ஆனது. அதற்குள் பெரிய கிளாக்கர் ஐயாவும் நானும் கம்ப்யூட்டரில் ஒன்று, பேரேட்டில் ஒன்று என்று எல்லாவற்றையும் இரண்டாக வைக்கப் பழகியிருந்தோம்.

அந்த வியாழன் பின்னேரம் அப்பாவும் நானும் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றோம். நான் கேட்டுவிட்டேன்.

“அப்பா, நான் மாத்தியிருப்பேன்னு நெனச்சீங்களா?”

அவர் நிறைந்த குடத்தைப் பீலியிலிருந்து நகர்த்தி வைத்தார்.

“நெனச்சேன் பாப்பா” என்றார். “நெனச்சு சந்தோஷமும் பட்டேன். ரெண்டு நாளு. அதுக்குத்தான் இன்னைக்கு அந்த ரெண்டக் கொறைக்கச் சொன்னேன்.”

நான் அழுதேன். அவர் குடத்தை என் இடுப்பில் தூக்கி வைத்துவிட்டு, வழுக்கும், பார்த்து வா என்று சொல்லி முன்னால் நடந்தார்.